இசை மாணவரின் ஆய்வேடு: கேள்வி சிறியதாக இருக்கட்டும்

சங்கீத வித்வான் எஸ். ராமநாதன் 1917ல் பிறந்தவர். கச்சேரி, போதனை இரண்டிலும் பெயரெடுத்த பிறகு, 1974ல் அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் சிலப்பதிகார இசை குறித்த ஆய்வுக்காக முனைவர் பட்டம் பெற்றார். மறு ஆண்டு அதே பல்கலைக்கழகத்தில் ராக ஆலாபனையைப் பற்றிய ஆய்வேட்டை முடித்தவர் புல்லாங்குழல் டி. விஸ்வநாதன், வீணை தனம்மாளின் பேரன். ஆலாபனை அவருக்கு வீட்டுக் காற்றிலேயே இருந்தது. ஆனாலும் ஒரு ஆலாபனை எப்படி வளர்கிறது என்பதை, அந்த வீட்டில் வளராத ஒருவரும் சரிபார்க்கும்படி எழுத்தில் நிறுவ வேண்டியிருந்தது. இசைத் துறை ஆய்வின் கடினமும் அழகும் அந்த ஒரு வேலையில்தான் இருக்கிறது.

இன்று முதுகலை இசை மாணவருக்கு இந்த ஆய்வு வேலை பெரும்பாலும் கடைசிப் பருவத்தில் 'ப்ராஜெக்ட்' என்ற பெயரில் வருகிறது. தலைப்பை மாணவர் தேர்ந்தெடுக்க வேண்டும். நெறியாளர் ஒருவர் கூட இருப்பார். தரவு திரட்டி, எழுதி, வாய்மொழித் தேர்வில் பதில் சொல்ல வேண்டும்.

முதல் இடறல் நெறியாளரிடமே தொடங்குகிறது. குருவிடம் பாட்டுக் கற்றவருக்குப் பாடாந்தரம் என்பது கேள்விக்கு அப்பாற்பட்டது. அப்படி வாங்கிக்கொள்வதால்தான் அது கைமாறி வந்திருக்கிறது. நெறியாளர் எதிர்பார்ப்பது வேறு. 'இது மரபு' என்று மாணவர் எழுதினால், யாருடைய மரபு, எந்தப் பதிவில் கேட்டாய், வேறு பாடாந்தரத்தில் எப்படி வருகிறது என்று அவர் ஓரத்தில் குறித்து அனுப்புவார். இதை அவமதிப்பாக எடுத்துக்கொண்டு சுருங்கிப்போகும் நல்ல மாணவர்கள் உண்டு. குருவிடம் உள்ள பக்தியை விடாமலே நெறியாளரோடு வாதாட முடியும். அதை முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடும் நெறியாளர் பாதி வேலையை முடித்துவிடுகிறார்.

அடுத்தது தலைப்பின் அளவு. 'கர்நாடக இசையில் தோடி' என்பது ஆயுள் முழுவதும் செய்தாலும் தீராது. 'ஆரம்பகால இசைத்தட்டுகளில் தோடி ஆலாபனை எப்படிச் சுருக்கப்பட்டது' என்பது ஒரு பருவத்தில் முடியக்கூடியது. பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் சுமார் மூன்று நிமிடம்தான் அடங்கும். மேடையில் அரை மணி நேரம் விரித்த ராகத்தை அதற்குள் எப்படி அடக்கினார்கள் என்று கேட்டவுடனே, எதைத் தேட வேண்டும், எதை ஒதுக்க வேண்டும் என்பது தெரிந்துவிடுகிறது.

தெரிந்த பிறகும் ஒரு பள்ளம் இருக்கிறது. நிமிடத்துக்கு 78 சுற்று என்பது எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான வேகமாக நிலைபெறுவதற்கு முன் வந்த தட்டுகள் கூடுதலான வேகத்திலும் குறைவான வேகத்திலும் பதிவாயின. அவற்றை நாடாவுக்கும் கணினிக்கும் மாற்றியவர்கள் எந்த வேகத்தில் சுழலவிட்டார்கள் என்பதும் பல நேரம் தெரியாது. வேகம் ஏறத்தாழ 6 சதவீதம் கூடினாலே 4 கட்டையில் பாடியவர் நாலரைக் கட்டையில் பாடியதாகக் காதில் விழும். ஆகவே 'இவர் இந்தச் சுருதியில் பாடினார்' என்று தட்டை மட்டும் நம்பி எழுத முடியாது. தோடியின் காந்தாரம் நொடிக்கு எத்தனை முறை அசைகிறது என்று எண்ணினால் அந்த எண்ணும் வேகத்தோடு மாறிவிடும். ஆனால் சட்ஜத்துக்கும் காந்தாரத்துக்கும் உள்ள இடைவெளி மாறாது, எல்லாச் சுரங்களும் ஒரே விகிதத்தில்தான் ஏறி இறங்குகின்றன. ஆலாபனையில் எத்தனை பங்கு கழித்து மேல் சட்ஜத்தைத் தொட்டார் என்ற கணக்கும் அப்படியே நிற்கும். இந்தத் தட்டிடம் எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாது என்று பிரித்தறிந்த மாணவர், என் கணக்கில், ஆய்வாளராகிவிட்டார். மீதியெல்லாம் உழைப்பு.

கேட்டதை எழுதுவது இன்னொரு பெரிய வேலை. அமெரிக்க இசையியலாளர் சார்ல்ஸ் சீகர் 1958ல் ஒரு வேறுபாட்டைத் தெளிவுபடுத்தினார்: எப்படிப் பாட வேண்டும் என்று வழிகாட்டும் குறிப்பு ஒன்று, எப்படிப் பாடப்பட்டது என்று விவரிக்கும் குறிப்பு மற்றொன்று. நம் பாட்டு நோட்டில் இருப்பது முதல் வகை. 'க' என்று எழுதியிருந்தால் போதும், அசைவு பாடுகிறவர் தொண்டையில் இருக்கிறது. அந்த இடைவெளியைக் குறைக்கப் பெரும்பாடு பட்டவர் சுப்பராம தீட்சிதர். 1904ல் எட்டயபுரத்தில் வெளியான அவருடைய 'சங்கீத சம்பிரதாய ப்ரதர்சினி'யில் கமகங்களுக்கும் குறியீடுகள் உண்டு. கம்பிதத்துக்கு அலைக்கோடு, ஜாருவுக்கு மேலேறும் அல்லது கீழிறங்கும் சாய்கோடு. இப்போது 'சோனிக் விஷுவலைசர்' என்ற இலவச மென்பொருள் குரலின் ஏற்ற இறக்கத்தைத் திரையில் கோடாக வரைந்து காட்டுகிறது. அந்தக் கோட்டைப் பார்த்து மாணவர்கள் மயங்குவது உண்டு. கோட்டில் சிக்கிய அசைவுகளில் எது ராகத்துக்கு உயிரானது, எது தற்செயலானது என்று மென்பொருளுக்குத் தெரியாது. அங்கேதான் பல ஆண்டுச் சாதகம் கைகொடுக்கிறது. அதனால்தான் இந்த ஆய்வைப் பாடத் தெரிந்தவர்கள் செய்ய வேண்டும் என்று நான் விரும்புகிறேன்.

கலைஞர்களை நேரில் சந்திக்கும் ஆய்வுக்கு வேறு கடமைகள் உண்டு. ஒரு கோயில் நாகஸ்வரக் கலைஞரிடம், "ஐயா, மல்லாரியைப் பதிவு செய்துகொள்ளலாமா?" என்று கேட்டால் மட்டும் போதாது. பதிவு எங்கே இருக்கும், யார் கேட்பார்கள், இணையத்தில் ஏறுமா என்பதையும் சொல்ல வேண்டும். பெயர் போடலாமா என்று கேட்க வேண்டும். ஒரு பிரதியை அவர் கையில் கொடுக்க வேண்டும்.

இதற்கெல்லாம் நேரம் எங்கே என்பதுதான் இப்போதைய சிக்கல். முன்பு முதுகலைக்கும் முனைவர் பட்டத்துக்கும் நடுவே எம்.ஃபில். இருந்தது, தவறு செய்து கற்க அது இடம் கொடுத்தது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு விதிமுறைகள் அதை நிறுத்திவிட்டன. இனி ஒரு மாணவர் முனைவர் பட்டத்துக்கு விண்ணப்பிக்கும் முன் செய்து பார்க்கக் கிடைப்பது இந்த ஒரு ப்ராஜெக்ட்தான். கடைசி மாதத்தில் அவசரமாகத் தட்டச்சு செய்து பைண்ட் போடும் வழக்கத்தைத் துறைகள் கைவிட்டு, நெறியாளரும் மாணவரும் சேர்ந்து உட்கார்ந்து கேட்பதற்கென்று வாரத்தில் ஒரு மணி நேரத்தைப் பருவத்தின் முதல் வாரத்திலிருந்தே கால அட்டவணையில் ஒதுக்க வேண்டும்.