குட்டி யானையா? பெரிய வண்டியா?

கொல்கத்தாவில் சியால்தா ரயில் நிலையத்துக்கு அருகில் கோலே மார்க்கெட் இருக்கிறது. அது பெரிய மொத்தக் காய்கறிச் சந்தை. ஹவுரா பாலத்தின் அடியில் மல்லிக் காட் பூச்சந்தை இருக்கிறது. இரண்டு இடங்களிலும் விடியும் முன்பே வேலை தொடங்கிவிடும். மூட்டைகளும் கூடைகளும் வந்து இறங்கும். அங்கிருந்து சிறு வண்டிகள் அவற்றை நகரம் முழுவதும் கொண்டு போகும்.

இந்த வேலைக்கு இரண்டு டீசல் வண்டிகளைப் பலர் வாங்குகிறார்கள். ஒன்று டாடா ஏஸ். இது 2005ஆம் ஆண்டு விற்பனைக்கு வந்தது. தமிழ்நாட்டில் இதைக் குட்டி யானை என்கிறோம். வடக்கே சோட்டா ஹாத்தி என்பார்கள். பொருள் ஒன்றுதான். மற்றொன்று மகேந்திரா பொலேரோ பிக்கப். இது பெரியது.

இரண்டில் எதை வாங்குவது? சொந்த வண்டி வாங்க விரும்பும் பலருக்கும் உள்ள கேள்வி இது. தவறான வண்டியை வாங்கினால் மாதத் தவணை கட்ட முடியாது. கடன் கொடுத்தவர் வண்டியை எடுத்துக்கொண்டு போகலாம். கட்டிய பணமும் போகும், பிழைப்பும் போகும். ஆகவே வாங்கும் முன் கணக்குப் போட வேண்டும்.

இரண்டு வண்டிகளும் எப்படி?

குட்டி யானையின் டீசல் எஞ்சினில் இரண்டு சிலிண்டர்கள். அது சுமார் முக்கால் டன் சுமக்கும். நீளம் சுமார் 12½ அடி. சக்கரம் சிறியது. குறுகிய சந்தில் எளிதாகத் திரும்பும். கொல்கத்தாவின் படாபஜார் போன்ற நெரிசலான இடத்தில் இது பெரிய வசதி.

பொலேரோ பிக்கப்பில் நான்கு சிலிண்டர்கள். மாடலைப் பொறுத்து 1300 முதல் 1700 கிலோ வரை சுமக்கும். நீளம் சுமார் 16 அடி. சக்கரம் பெரியது, வண்டி உயரமானது. மழைக்காலத்தில் கொல்கத்தாவின் தாழ்வான தெருக்களில் தண்ணீர் தேங்கும். அப்போது உயரமான வண்டி உதவும். விலையும் டீசல் செலவும் இதற்கு அதிகம்.

கணக்குப் போடுவோம்

கொல்கத்தாவின் லேக் மார்க்கெட் பகுதியில் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்கின்றன. அங்கே காய்கறி வியாபாரம் செய்யும் கணவன், மனைவி இருவர் என்று வைத்துக்கொள்வோம்.

"பெரிய வண்டியே வாங்கிடலாம். நாளைக்கு வியாபாரம் பெருகும்" என்கிறார் கணவர்.

"நாளைக்குப் பெருகறது இருக்கட்டும். இன்னிக்கு எத்தனை மூட்டைங்க வருது?" என்று கேட்கிறார் மனைவி.

"பதினாலு மூட்டை வரும்."

"அப்போ பதினாலுக்கே கணக்குப் போடுவோம்."

மனைவி கேட்டது சரியான கேள்வி. ஒரு மூட்டை 50 கிலோ. 14 மூட்டை என்றால் 700 கிலோ. சந்தைக்குப் போக 18 கிலோமீட்டர், திரும்பி வர 18 கிலோமீட்டர். மொத்தம் 36 கிலோமீட்டர். மாதம் 25 நாள் வேலை. டீசல் லிட்டர் 90 ரூபாய் என்று கொள்வோம். கீழே உள்ள தொகைகள் கணக்கைப் புரிந்துகொள்ள மட்டுமே. உங்கள் ஊரில் விசாரித்து உண்மைத் தொகையைப் போட்டுக்கொள்ளுங்கள்.

குட்டி யானை, ஒரு நாள் செலவு:
தவணை (மாதம் 12,000 ரூபாய்) – 480 ரூபாய்
இன்சூரன்ஸ், டயர், ஆயில், ரிப்பேர் – 180 ரூபாய்
டீசல் (லிட்டருக்கு 18 கி.மீ., 2 லிட்டர்) – 180 ரூபாய்
மொத்தம் – 840 ரூபாய்

பெரிய வண்டி, ஒரு நாள் செலவு:
தவணை (மாதம் 21,000 ரூபாய்) – 840 ரூபாய்
இன்சூரன்ஸ், டயர், ஆயில், ரிப்பேர் – 290 ரூபாய்
டீசல் (லிட்டருக்கு 12 கி.மீ., 3 லிட்டர்) – 270 ரூபாய்
மொத்தம் – 1,400 ரூபாய்

இப்போது 14 மூட்டையால் வகுங்கள். குட்டி யானையில் ஒரு மூட்டைக்கு 60 ரூபாய். பெரிய வண்டியில் 100 ரூபாய். பாதி காலியாக ஓடும் வண்டிக்கும் தவணை முழுசாகத்தான் கட்ட வேண்டும்.

மூட்டை இரண்டு மடங்கானால்?

28 மூட்டை கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பெரிய வண்டி ஒரே நடையில் கொண்டு வந்துவிடும். மூட்டைக்கு 50 ரூபாய் ஆகும். குட்டி யானை இரண்டு நடை போக வேண்டும். கூடுதல் டீசலுக்கு 180 ரூபாய், தேய்மானத்துக்கு 100 ரூபாய் சேர்ப்போம். மொத்தம் 1,120 ரூபாய். மூட்டைக்கு 40 ரூபாய்தான்!

அப்படியானால் குட்டி யானைதான் எப்போதும் லாபமா? அப்படிச் சொல்ல முடியாது. இரண்டாவது நடைக்கு நேரம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். காலை வியாபாரம் முடிந்த பிறகு வரும் கீரை வாடிப் போகும். நகரத்தில் சரக்கு வண்டிகளுக்கு நேரக் கட்டுப்பாடும் உண்டு. எந்தச் சாலையில் எத்தனை மணிக்கு அனுமதி என்பதைப் போக்குவரத்துப் போலீசாரிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

தூரம் அதிகமானால்?

கடற்கரை ஊரான திகாவிலிருந்து கொல்கத்தாவுக்கு மீன் வருகிறது. திகா சுமார் 180 கிலோமீட்டர் தூரம். போய் வர 360 கிலோமீட்டர். ஒரே நாளில் இரண்டு நடை போக முடியாது. 50 கிலோ மீன் பெட்டி ஒன்றுக்கு என்ன செலவு?

குட்டி யானைக்கு 20 லிட்டர் டீசல், 1,800 ரூபாய். மற்ற செலவு 660 ரூபாய். மொத்தம் 2,460 ரூபாய். 14 பெட்டிதான் ஏற்றலாம். பெட்டிக்குச் சுமார் 176 ரூபாய்.

பெரிய வண்டிக்கு 30 லிட்டர் டீசல், 2,700 ரூபாய். மற்ற செலவு 1,130 ரூபாய். மொத்தம் 3,830 ரூபாய். 28 பெட்டி ஏற்றலாம். பெட்டிக்குச் சுமார் 137 ரூபாய்.

இங்கே பெரிய வண்டிதான் லாபம். ஆனால் 28 பெட்டியும் நிரம்ப வேண்டும்.

பக்கத்து ஊர், குறைந்த சுமை என்றால் சின்ன வண்டி. தூரத்து ஊர், நிறைந்த சுமை என்றால் பெரிய வண்டி. கடையில் எழுதியிருக்கும் விலையை மட்டும் பார்த்து முடிவு செய்யக் கூடாது. ஒரு மூட்டைக்கு என்ன செலவு என்று பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

அதிகச் சுமை ஏற்றலாமா?

"சின்ன வண்டியை வாங்கி, ஒன்றரை டன் ஏற்றிக்கொள்ளலாம்" என்று சிலர் சொல்வார்கள். கேட்காதீர்கள். பிரேக் பிடிக்காது. டயர் வெடிக்கும். ஸ்பிரிங் பட்டை உடையும். மோட்டார் வாகனச் சட்டம் 2019இல் திருத்தப்பட்டது. அதன்படி அதிகச் சுமைக்கு அபராதம் 20,000 ரூபாய். கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000 ரூபாய். பல நாள் லாபம் ஒரே நாளில் போய்விடும்.

காகிதங்களைப் படியுங்கள்

ஆர்.சி. புத்தகத்தில் மொத்த எடை எழுதியிருக்கும். அது வண்டியும் சரக்கும் சேர்ந்த எடை. 3,000 கிலோவுக்கு மேல் போகாத சரக்கு வண்டிக்குப் பெர்மிட் தேவையில்லை. குட்டி யானைக்கு ஆகவே பெர்மிட் வேண்டாம். பெரிய வண்டியில் சில மாடல்கள் இந்த அளவைத் தாண்டும். வாங்கும் முன் பாருங்கள்.

பழைய வண்டி வாங்குகிறீர்களா? முதலில் பதிவு செய்த தேதியைப் பாருங்கள். 15 ஆண்டுக்கு மேல் பழைய வாடகை, சரக்கு வண்டிகள் கொல்கத்தா பெருநகரப் பகுதியில் ஓடக் கூடாது என்று கல்கத்தா உயர் நீதிமன்றம் 2008இல் உத்தரவிட்டது. 12 ஆண்டு ஓடிய வண்டியை வாங்கினால் அங்கே இன்னும் 3 ஆண்டுதான் ஓட்டலாம். விலை மலிவாகத் தெரியும். மூன்று ஆண்டுக்குப் பங்கிட்டால் மலிவு இல்லை என்பது புரியும்.

கடன் பத்திரத்தையும் முழுவதும் படியுங்கள். வட்டி எவ்வளவு? எத்தனை தவணை? எல்லாத் தவணையும் சேர்ந்தால் மொத்தம் எவ்வளவு? தவணை தவறினால் அபராதம் என்ன? படித்துப் புரிந்த பிறகே கையெழுத்துப் போடுங்கள். வெற்றுத் தாளில் ஒருபோதும் கையெழுத்துப் போடாதீர்கள்.

நீங்களே செய்து பாருங்கள்

1. ஒரு மாதம் தினமும் எத்தனை மூட்டை வந்தது என்று நோட்டில் எழுதுங்கள். மிகக் குறைந்த நாளையும் எழுதுங்கள்.
2. மழைக்காலத்தில் பத்து நாள் வேலை இல்லை என்றால் தவணையை எப்படிக் கட்டுவீர்கள்? குடும்பத்தாரோடு பேசுங்கள்.
3. மேலே உள்ள கணக்கில் 20 மூட்டை என்று வைத்துப் போடுங்கள். குட்டி யானை இரண்டு நடை போகும். பெரிய வண்டி ஒரு நடை போகும். மூட்டைக்கு என்ன செலவு வருகிறது?