பரீட்சை முடிந்த மறுநாள்

2024 ஆம் ஆண்டுக்கான க.பொ.த. சாதாரண தரப் (சா/த) பரீட்சை 2025 மார்ச் 17 இல் தொடங்கி 26 இல் முடிந்தது. பெறுபேறு ஜூலை இரண்டாம் வாரத்தில் வந்தது. இடையில் பதினைந்து கிழமை. அதற்கு முந்திய அணிகளுக்கு இந்த இடைவெளி இன்னும் நீளம். 2022 மே, ஜூனில் எழுதியவர்கள் நவம்பர் 25 வரை காத்திருந்தார்கள். 2023 ஜூன் 8 இல் எழுதி முடித்தவர்களுக்கு டிசம்பர் பிறக்கும்போதுதான் பெறுபேறு. 2024 மே மாதம் எழுதியவர்களுக்குச் செப்டெம்பர் கடைசியில்.

இந்த மாதங்களில் பிள்ளைகள் எங்கே போகிறார்கள் என்பதை யாழ்ப்பாணத்தில் எவரும் முறையாகப் பதிந்து வைப்பதாகத் தெரியவில்லை. வசதியுள்ள வீட்டுப் பிள்ளையைப் பற்றிக் கவலையில்லை. பரீட்சை முடிந்த கிழமையே நெல்லியடியிலும் சுன்னாகத்திலும் திருநெல்வேலியிலும் ரியூட்டரிகள் உயர்தரப் புதிய அணியைத் தொடங்கிவிடும். பெறுபேறு வருமுன் அந்தப் பிள்ளை பௌதிகத்தில் இரண்டு அலகு முடித்திருக்கும். மாதகலிலோ குருநகரிலோ கடற்றொழில் செய்யும் வீட்டுப் பொடியன் தகப்பனோடு வள்ளத்தில் ஏறுவான். தென்மராட்சியில் ஒருவன் மேசனுக்குக் கையாளாகப் போவான், இன்னொருவன் கராச்சில் நிற்பான். பெண்பிள்ளை புடவைக்கடையில் நாள் முழுக்க நின்றபடி வேலை செய்யும், அல்லது தாய் கூலிக்குப் போக, தம்பி தங்கையைப் பார்த்துக்கொண்டு வீட்டில் இருக்கும். நாலு மாதம் சம்பளம் கண்ட கைக்குப் பிறகு ஆறு பாடச் சித்தி வந்தாலும் சீருடை போட மனம் வராது. வீட்டாரும் வற்புறுத்த மாட்டார்கள், ஏனென்றால் அந்தக் காசு அதற்குள் வீட்டுச் செலவில் கலந்திருக்கும்.

சட்டம் கைவிடுவதும் சரியாக இந்த இடத்தில்தான். கட்டாயக் கல்வி வயது 2016 இல் 14 இலிருந்து 16 ஆக உயர்ந்தது. பிள்ளைகளை வேலைக்கு அமர்த்தக்கூடிய குறைந்த வயதும் 2021 இல் 16 ஆனது. இரண்டும் நல்ல மாற்றங்கள். ஆனால் ஐந்து வயதில் முதலாம் தரத்தில் சேர்ந்த பிள்ளை சா/த எழுதி முடிக்கும்போது அதற்கு ஏறத்தாழப் பதினாறு வயது. விடைத்தாளைக் கட்டிக் கொடுத்துவிட்டு மண்டபத்தை விட்டு வெளியே வரும் அந்த நாளிலிருந்து பாடசாலைக்குப் போகவேண்டிய கடமையும் இல்லை, வேலைக்குப் போகத் தடையும் இல்லை. பதினெட்டு வரை அபாயத் தொழில்களுக்குத் தடை இருக்கிறது. அந்தப் பட்டியலைப் பார்த்து ஆள் எடுக்கும் கராச் முதலாளி யார் என்று கேட்டால் பதில் சொல்வது கடினம்.

இன்னொரு ஓட்டையும் இருக்கிறது, இதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. இலங்கைப் பாடசாலைகளில் 1ஏபி வகை உயர்தர விஞ்ஞானப் பிரிவுவரை கொண்டது. 1சி வகையில் கலை, வர்த்தகம். வகை 2 பதினோராம் தரத்தோடு நின்றுவிடும். யாழ். மாவட்டத்தின் ஐந்து கல்வி வலயங்களிலும் கிராமத்துப் பாடசாலைகள் பல இந்தக் கடைசி வகை. அங்கே படித்த பிள்ளைக்குச் சா/த முடிந்ததும் பாடசாலையே முடிந்தது. விடுகைப் பத்திரம் எடுத்து, வேறு பாடசாலைக்கு விண்ணப்பம் போட்டு, நேர்முகத்துக்குப் பெற்றாரைக் கூட்டிப் போய்ப் புதிதாகச் சேரவேண்டும். பழைய பாடசாலையின் இடாப்பில் பெயர் வெட்டப்பட்டுவிட்டது, புதிய இடாப்பில் இன்னும் ஏறவில்லை. தீவகத்தில் இது இன்னும் சிக்கல். நெடுந்தீவுப் பிள்ளை குறிகட்டுவானுக்குப் படகேறவேண்டும். கணிதமோ விஞ்ஞானமோ படிக்க ஆசைப்பட்டால் பெரும்பாலும் நகரத்தில் தங்கவேண்டும். தங்க இடம் பார்ப்பது யார், வாடகை கொடுப்பது யார் என்ற பேச்சிலேயே பல உயர்தரக் கனவுகள் முடிந்துபோகின்றன.

இனிப் பெறுபேற்றைப் பார்ப்போம். உயர்தரத்துக்குப் போகத் தாய்மொழியும் கணிதமும் உட்பட ஆறு பாடங்களில் சித்தி வேண்டும். அவற்றில் மூன்று சி தரமாவது இருக்கவேண்டும். 2024 ஆம் ஆண்டுப் பரீட்சையில் நாடு முழுவதும் 73.45 வீதமானோர் இந்தத் தகுதி பெற்றார்கள். வடமாகாணம் 70 வீதத்தை எட்டவில்லை. ஒன்பது மாகாணங்களில் கடைசி இடம். கல்வியே எங்கள் சொத்து என்று மேடைக்கு மேடை சொல்லும் மாகாணம் இது. அந்த அணி 2020 இல், கொரோனாவால் பாடசாலைகள் பூட்டியபோது, ஏழாம் தரத்தில் இருந்தது; எரிபொருளும் காகிதமும் இல்லாத 2022 இல் ஒன்பதாம் தரத்தில் இருந்தது. கணக்கில் அத்திவாரம் போடும் இரண்டு ஆண்டுகள் அவர்களுக்கு அப்படிப் போயின. இதெல்லாம் காரணம்தான். ஆனால் மற்ற எட்டு மாகாணங்களும் அதே ஆண்டுகளைத்தான் கடந்து வந்தன.

ஒன்பது ஏ எடுத்தவர்களின் படங்கள் பாடசாலை மதிலில் பதாகையாகத் தொங்கும், மறுநாள் பத்திரிகையிலும் வரும். தகுதி பெறாத பத்தில் மூன்று பேரின் கணக்கைப் பாடசாலை வாரியாகப் பொதுவில் வைத்து, அவர்கள் இப்போது எங்கே என்று கேட்கும் வழக்கம் இல்லை.

யார் விலகப்போகிறார் என்பது சா/தவுக்கு முன்பே தெரியும். அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் ரொபர்ட் பல்பான்ஸும் அவரோடு ஆய்வு செய்தவர்களும் ஏறத்தாழ 13,000 மாணவரை ஆறாம் தரத்திலிருந்து தொடர்ந்து பார்த்து 2007 இல் முடிவை வெளியிட்டார்கள். வரவு 80 வீதத்துக்குக் கீழ், கணிதத்தில் அல்லது மொழிப்பாடத்தில் தோல்வி, வகுப்பில் ஒழுங்குப் பிரச்சினை: ஆறாம் தரத்தில் இவற்றில் ஒன்று இருந்தாலே நாலு பேரில் மூன்று பேர் பாடசாலையை முடிக்கவில்லை. இதற்குப் புதிய பரிசோதனை எதுவும் தேவைப்படவில்லை. வகுப்பாசிரியர் மேசையில் கிடக்கும் இடாப்பும் தவணைப் பரீட்சைப் புள்ளியும் போதுமாயிருந்தன.

எங்கள் வகுப்பாசிரியரும் இதை அறிவார். திங்கட்கிழமை வராதவன், மீன்பாடு நல்லாயிருக்கும் கிழமையில் வராதவன், மாவாப் போதைப் பொட்டலத்தோடு பிடிபட்டவன், தாய் மத்திய கிழக்கில் வேலைக்குப் போனதிலிருந்து வீட்டுப்பாடம் செய்யாதவள். அவருக்கு எல்லாம் தெரியும். தெரிந்த பிறகு யாரிடம் போவது என்பதில்தான் எல்லாம் அறுந்துபோகிறது. 1997 இல் வந்த கட்டாயக் கல்வி ஒழுங்குவிதிகள் பாடசாலை வரவுக் குழு, கண்காணிப்புக் குழு என்று இரண்டை அமைக்கச் சொன்னன. பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் இருக்கிறார், நன்னடத்தை உத்தியோகத்தர் இருக்கிறார், மனிதவள அபிவிருத்தி உத்தியோகத்தர் இருக்கிறார். கிராம அலுவலர் இருக்கிறார். ஆள் பற்றாக்குறை என்று சொல்ல முடியாது. ஆனால் பிள்ளை பாடசாலையில் பதிவில் இருக்கும்வரை அது கல்வித் திணைக்களத்தின் விடயம். பதினாறு தாண்டினால் யாருடைய விடயமும் அல்ல.

சா/தவில் தவறியவருக்கு வாசல் இல்லை என்பதும் உண்மையல்ல. 13 வருட உத்தரவாதப்படுத்தப்பட்ட கல்வித் திட்டம் 2017 இல் 42 பாடசாலைகளில் தொடங்கியது. சா/தப் பெறுபேறு எப்படியிருந்தாலும் பன்னிரண்டாம் தரத்தில் தொழிற்பிரிவில் சேரலாம். முதலில் பாடசாலையில் பொதுப் பாடங்கள், பின்னர் பயிற்சி நிலையத்திலும் வேலைத்தளத்திலும் பயிற்சி, முடிவில் தேசிய தொழிற்தகைமை, அதாவது என்.வி.கியூ, நாலாம் மட்டம். அதோடு நிற்கவேண்டியதும் இல்லை. யாழ்ப்பாணத் தொழில்நுட்பக் கல்லூரி போன்ற இடங்களில் ஐந்தாம், ஆறாம் மட்ட டிப்ளோமா. ஏழாம் மட்டம் இரத்மலானைத் தொழில்சார் தொழில்நுட்பவியல் பல்கலைக்கழகத்தில் பட்டம். கிளிநொச்சி அறிவியல்நகரில் 2016 இல் திறக்கப்பட்ட இலங்கை ஜேர்மன் பயிற்சி நிலையம் வாகனம், மின், கட்டடம், உணவுத் தொழில்நுட்பம் முதலியவற்றைக் கற்பிக்கிறது. ஏற்கெனவே வேலைக்குப் போய்விட்டவருக்கும் வழி இருக்கிறது. ஐந்து வருடம் கல் அடுக்கியவர் வகுப்புக்கே போகாமல், முன்னறிவை மதிப்பிடும் பரீட்சை மூலம் என்.வி.கியூ பெறலாம். தேசிய பயிலுனர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகார சபையும் தொழிற்பயிற்சி அதிகார சபையும் இதைச் செய்கின்றன.

இந்த வாசலை மறித்து நிற்பதில் அரசுக்கு இணையான பங்கு எங்களுக்கும் உண்டு. பல்கலைக்கழகங்கள் ஆண்டுக்கு ஏறத்தாழ நாற்பதாயிரத்துச் சொச்சம் பேரைத்தான் நாடு முழுவதிலுமிருந்து எடுக்கின்றன. உயர்தரத்தில் தகுதி பெறுவோரில் பெரும்பாலானோருக்கு அங்கே இடமில்லை. பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தல் வந்த எழுபதுகளிலிருந்து இந்தக் கணக்கை எங்களைப்போல் அறிந்தவர்கள் இல்லை. இருந்தும் டொக்டர், இஞ்சினியர், அதற்குக் கீழே அரச உத்தியோகம் என்ற வரிசையில் எங்கள் கண்ணோட்டம் அசையவில்லை. தொழிற்பிரிவில் சேர்ந்த பிள்ளையைப் பாடசாலையிலேயே ‘படிக்காத பிரிவு’ என்று சொல்லும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். கலியாணப் பேச்சில் என்.வி.கியூ ஆறாம் மட்டக்காரனைவிடக் கந்தோர் எழுதுவினைஞனுக்கு மதிப்பு. இந்த மதிப்பீட்டைப் பதினாறு வயதுப் பிள்ளை நன்றாகப் படித்து வைத்திருக்கிறது. உயர்தரம் இல்லையென்றால் அதன் கண்ணுக்கு மிஞ்சுவது ஒன்றே ஒன்று, வெளிநாடு.

அந்த வழி எப்படி முடியக்கூடும் என்பதற்கு வெகுதூரம் போகவேண்டியதில்லை. 2022 நவம்பரில் கனடா நோக்கிச் சென்ற கப்பல் பழுதாகி, 303 இலங்கையர் நடுக்கடலில் மீட்கப்பட்டு வியட்நாமின் வுங் தாவில் இறக்கப்பட்டார்கள். பெரும்பாலோர் தமிழர். திருப்பி அனுப்பப்போகிறார்கள் என்றதும் இருவர் உயிரை மாய்க்க முயன்றார்கள், ஒருவர் இறந்தார். முகவருக்குப் பல இலட்சங்கள் கொடுத்துத்தான் புறப்பட்டிருந்தார்கள். அதன் பிறகும் ஐரோப்பா போகப் புறப்பட்டு ரஷ்யப் படையில் சிக்கிய யாழ்ப்பாண இளைஞர்கள் பற்றிய செய்திகள் வந்தன.

கனடாவிலிருந்து வேறொன்றை எடுத்துவரலாம். டொரன்டோவின் ரீஜென்ட் பார்க் ஏழைக் குடியேறிகள் நிறைந்த பகுதியாக இருந்தது. உயர்பாடசாலை மாணவரில் பாதிக்கு மேல், 56 வீதம், இடைவிலகினார்கள். 2001 இல் அங்கிருந்த சமூக சுகாதார நிலையம் ‘பாத்வேஸ்’ திட்டத்தைத் தொடங்கியது. மாலையில் இலவசப் பாட உதவி, வழிகாட்ட ஒரு மூத்தவர், தொடர்ந்து வருபவருக்குப் பேருந்துச் சீட்டு, முடித்தால் மேற்படிப்புக்குச் சேமித்து வைத்த பணம். எல்லாவற்றுக்கும் மேலாக ஒவ்வொரு மாணவருக்கும் பெயர் சொல்லி ஒரு பணியாளர்: பிள்ளை வராவிட்டால் அவர் வீட்டுக்குத் தொலைபேசி எடுப்பார். டொரன்டோப் பல்கலைக்கழகப் பொருளியலாளர் பிலிப் ஒரியோபொலஸும் உடன் ஆய்வாளர்களும் பள்ளி முடிப்போர் தொகை கணிசமாகக் கூடியதை உறுதி செய்தார்கள். எங்கள் கல்லூரிகளின் பழைய மாணவர் சங்கக் கனடாக் கிளைகள் இயங்குவதும் அதே மாநகரில்தான். அவை ஊருக்கு அனுப்பும் பணம் விளையாட்டரங்காகவும் ஸ்மார்ட் பலகையாகவும் பெரிய கல்லூரிகளுக்குள் வந்து சேர்கிறது. வகை 2 பாடசாலைக்குப் பெரும்பாலும் டொரன்டோவில் கிளை இல்லை. ஒரு கல்விக் கோட்டத்துக்கு அப்படியொரு பணியாளரின் சம்பளமும் அவர் ஏறும் பேருந்துச் செலவும் ஒரு பார்வையாளர் மண்டபத்தைவிடக் குறைவு.

அந்தப் பணியாளர் வரும்வரை செய்யக்கூடிய சிறு வேலை ஒன்று உண்டு. தொழிற்பயிற்சி அதிகார சபையின் கற்கைகள் பலவற்றுக்குச் சா/த சித்தி தேவையில்லை. ஒன்பதாம் அல்லது பத்தாம் தரம் படித்திருந்தால் போதும் என்பவையும் உண்டு. உட்சேர்ப்பு பொதுவாக ஜனவரியிலும் ஜூலையிலும். 2025 மார்ச் 26 அன்று பரீட்சை மண்டபத்தை விட்டு வெளியே வந்த பிள்ளையிடம் விண்ணப்பப் படிவத்தைக் கொடுத்திருந்தால் ஜூலையில் அந்தப் பிள்ளை வகுப்பில் இருந்திருக்கும். ஜூலை இரண்டாம் வாரத்தில் பெறுபேற்றைப் பார்த்துவிட்டுப் படிவம் தேடப் புறப்பட்ட பிள்ளைக்கு அடுத்த தவணை ஜனவரி.