"சரஸ்" பறந்த கதை

பெங்களூர் விமான நிலையம். 2004-ம் ஆண்டு மே மாதம் 29-ந் தேதி.

சின்ன விமானம் ஒன்று ஓடியது, எழும்பியது, பறந்தது! அதன் பெயர் "சரஸ்". நாரையின் பெயர் அது.

14 பேர் ஏறக்கூடிய விமானம். செய்தவர்கள், பெங்களூர் தேசிய விமான ஆராய்ச்சிக் கூடத்து விஞ்ஞானிகள். 1991-ல் ரஷிய நிறுவனத்தோடு சேர்ந்து தொடங்கிய வேலை. கூட்டாளி பாதியில் விலகிவிட்டார். 1998-ல் அணுகுண்டுச் சோதனை நடந்ததும், அமெரிக்கா தடை போட்டது. வேலை இழுத்துக்கொண்டே போயிற்று.

பின்னால் விசிறி

பொதுவாக, விசிறி முன்னால் இருந்து விமானத்தை இழுக்கும். சரசுக்கு இரண்டு விசிறிகளும் பின்பக்கம்! தள்ளுவண்டியைப் பின்னால் நின்று தள்ளுகிறோமே, அப்படி. சுடுவாயு பாய்ந்து சக்கரத்தைச் சுழற்றும். சக்கரம் விசிறியைச் சுழற்றும். இதுதான் "டர்போபிராப்" என்ஜின்.

உடம்புதான் எதிர்பார்த்ததைவிடக் கனத்துவிட்டது.

மூவர் பலி

2007-ல் இரண்டாவது சரஸ் பறந்தது. 2009 மார்ச் 6-ந் தேதி, விமானப்படை அதிகாரிகள் மூவர் அதில் ஏறினார்கள். பறக்கும்போதே ஒரு என்ஜினை நிறுத்தி, மறுபடி ஓடவைக்க வேண்டும். அதுதான் அன்றைய சோதனை.

விமானம் தடுமாறியது. பிடதி அருகே விழுந்தது. மூவரும் மாண்டார்கள்.

என்ஜினை மறுபடி ஓடவைக்க வகுத்துக் கொடுத்த முறையே தவறு; அதற்குப் போதிய உயரமும் இல்லை என்று விசாரணையில் தெரிந்தது.

திட்டம் முடங்கியது. முதல் சரஸ் பறக்காமல் கிடந்தது. பல ஆண்டுகளுக்குப் பிறகு, அதையே எடுத்துத் திருத்தினார்கள்.

2018 ஜனவரி 24-ந் தேதி. மறுபடியும் விமானப்படை விமானிகளே துணிந்து ஏறினார்கள்.

40 நிமிஷம் பறந்தார்கள். பத்திரமாக இறங்கினார்கள்.