பொய் வந்த பாதையைப் படிப்போம்

2023 மார்ச் முதல் வாரம். தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களை அடித்துக் கொல்கிறார்கள் என்று இந்தியில் வீடியோக்கள் பரவின. அவற்றில் ஒன்று ராஜஸ்தானின் ஜோத்பூரில் நடந்த வழக்கறிஞர் கொலை. இன்னொன்று, உடம்பில் கட்டுப் போட்ட இருவரை வைத்து பாட்னாவிலேயே எடுக்கப்பட்டது என்றது பீகார் போலீஸ். அன்றைய தமிழ்நாடு டிஜிபி சைலேந்திர பாபு இந்த வதந்தியை மறுத்தார். பீகார் அரசின் குழுவும் நேரில் வந்து பார்த்தது. ஆனாலும் பலர் பயத்தில் ஊருக்கு ரயிலேறினார்கள்.

இது தொடர்பாக யூடியூபர் மணீஷ் காஷ்யப் தேசியப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் மதுரை மத்திய சிறையில் அடைக்கப்பட்டார். அந்தத் தடுப்புக் காவலை உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அதே ஆண்டு நவம்பரில் ரத்து செய்தது.

வழக்கு ஆளைத் தேடும். வலைப்பின்னல் பகுப்பாய்வு பாதையைத் தேடும். ஒவ்வொரு கணக்கும் ஒரு புள்ளி. ஒருவர் பதிவை மற்றவர் பகிர்ந்தால் இடையே ஒரு கோடு. ஆயிரக்கணக்கான கோடுகளைக் கணினி வரைந்ததும் மூன்று விஷயங்கள் தெரியவரும்.

முதலாவது, தொடக்கம்: நேர வரிசைப்படி முதலில் பதிவிட்டவர் யார்? இரண்டாவது, கூட்டு: பல கணக்குகள் ஒரே வீடியோவைச் சில நொடி இடைவெளியில், திரும்பத் திரும்பப் பகிர்ந்தால் அது தற்செயலாக இருப்பது அரிது. மூன்றாவது, பாலம்: மதுரை கோரிப்பாளையத்துக் கூட்டம் வைகையைக் கடக்க ஏ.வி. பாலத்தில் நெருக்கியடிப்பதுபோல, இரு குழுக்களுக்கு இடையே வதந்தி சில கணக்குகள் வழியாகவே கடக்கும். பின்தொடர்பவர் குறைவாக இருந்தாலும் இந்தக் கணக்குகளே முக்கியமானவை.

வரைபடம் நோக்கத்தைச் சொல்லாது. பகிர்ந்தவர் ஏமாற்றினாரா, ஏமாந்தாரா என்பதை விசாரித்துத்தான் அறிய வேண்டும். வாட்ஸ்அப் செய்திகள் மறையாக்கப்பட்டவை. அங்கே கோடு வரைய முடியாது. ட்விட்டர் தன் தரவுக்கு 2023இல் கட்டணம் விதித்தது. ஃபேஸ்புக் பதிவுகளின் பரவலைக் காட்டிய கிரவுட்டேங்கிளை மெட்டா 2024 ஆகஸ்டில் மூடியது. ஆய்வாளர்களுக்கு இந்தக் கதவுகள் மீண்டும் திறக்க வேண்டும்.

2006 முதல் 2017 வரையிலான ட்விட்டர் பதிவுகளை ஆராய்ந்த எம்ஐடி ஆய்வாளர்கள், உண்மையைவிடப் பொய்ச்செய்தி மறுபகிர்வு பெறும் வாய்ப்பு 70 சதவீதம் அதிகம் என்று கண்டார்கள். பொய்க்கு வேகம் இருக்கிறது என்றால், மறுப்புக்குச் சரியான முகவரி வேண்டும். பீகாரின் சம்பாரணில் மகனை நினைத்துக் கலங்கும் தாய்க்குத் தமிழ்ச் செய்தித்தாளின் மறுப்பு போய்ச் சேராது. வதந்தி கடந்த அதே பாலங்கள் வழியாக, அவர் பேசும் மொழியில், அவர் நம்புபவர்களின் கணக்கிலிருந்தே மறுப்பும் போக வேண்டும். அந்தக் கணக்குகள் எவை என்று காட்டுவதுதான் இந்த வரைபடத்தின் பெரும்பயன்.