எத்தனை வீட்டில் கம்ப்யூட்டர்?

2020-ம் வருஷம், ஜூலை மாதம். பள்ளிக்கூடங்கள் மூடிக் கிடந்த சமயம். என் மகள் படிக்கும் பள்ளியில் பெற்றோரை டெலிபோனிலேயே கூட்டிவைத்து, “இனிமே பாடமெல்லாம் இன்டர்நெட்லதான்” என்றார்கள். “எங்க வீட்ல அந்த வசதி இல்லீங்களே” என்று ஒரு தாய் தயங்கித் தயங்கிச் சொன்னார். “இந்தக் காலத்துல யார் வீட்லம்மா இன்டர்நெட் இல்லே?” என்று யாரோ சிரித்தார். எனக்குப் பொறுக்கவில்லை. பதில் சொல்லக் கணக்கு வேண்டுமே! தேடத் தொடங்கினேன்.

முதலில் அகப்பட்டது 2011 ஜனத்தொகைக் கணக்கு. வீடு வீடாக வந்து ரேடியோ இருக்கா, டி.வி. இருக்கா, சைக்கிள் இருக்கா என்று கேட்டார்களே, ஞாபகம் இருக்கிறதா? கம்ப்யூட்டரும் அந்தப் பட்டியலில் உண்டு. நாடு முழுவதும் பார்த்தால் நூற்றுக்கு ஏறக்குறைய 9 வீடுகளில் கம்ப்யூட்டர்; இன்டர்நெட்டோடு இருந்தது சுமார் 3 வீடுகளில். தமிழ்நாட்டில் இன்டர்நெட்டோடு 4. டி.வி.யோ 87 வீடுகளில்! மாவட்டவாரியாகவும் பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள். பூரித்துப் போனேன்.

என் கணவர் ஒரே கேள்வியில் கவிழ்த்துவிட்டார். “இது எப்ப எடுத்தது?” வீட்டுப் பட்டியல் எடுத்தது 2010-ல்! தமிழக அரசு மாணவர்களுக்கு இலவச லேப்டாப் கொடுக்கத் தொடங்கியதே 2011 செப்டம்பரில்தான். இந்தப் பழங்கணக்கோடு போனால் சிரித்தவர் இன்னும் பலமாகச் சிரிப்பார்.

அடுத்தது தேசிய மாதிரி ஆய்வின் 75-வது சுற்று, 2017-18. கம்ப்யூட்டர் என்ற தலைப்பில் தேடினால் இது கிடைக்காது. கல்விச் செலவு பற்றிய அறிக்கைக்குள் ஒளிந்திருக்கிறது! கிராமங்களில் நூற்றுக்கு 4 வீடுகளில் கம்ப்யூட்டர், நகரங்களில் 23. இன்டர்நெட் வசதி கிராமத்தில் சுமார் 15, நகரத்தில் 42. கம்ப்யூட்டரைவிட இன்டர்நெட் அதிகமாக இருக்கிறதே என்று குழம்ப வேண்டாம். போனில் வருவதும் சேர்த்திதான். மாநிலவாரியாகவும் விவரம் உண்டு. மாவட்டத்துக்குத்தான் கிடையாது. சில வீடுகளை மட்டும் பொறுக்கி எடுத்துக் கேட்பதால், ஒரு மாவட்டத்துக்கென்று சொல்ல அது போதாது.

பிற்பாடு வந்த 5-வது தேசியக் குடும்ப நல ஆய்வு (2019-21) நம்மையே கேட்டது. ஒரு தடவையாவது இன்டர்நெட்டைத் தொட்டுப் பார்த்த பெண்கள் நூற்றுக்கு 33 பேர், ஆண்கள் 57 பேர். வீட்டில் வசதி இருந்தாலும் நம் கைக்கு வரவேண்டுமே!

காகிதத்தில் எழுதியதை டீச்சருக்குப் படித்துக் காட்டினேன். “இது நாட்டுக் கணக்கும்மா. நம்ம வகுப்புக் கணக்கு?” என்றார். நியாயம்தான்! நாங்கள் நாலு பேர் உட்கார்ந்து ஒவ்வொரு வீட்டுக்கும் போன் செய்தோம். “போன் இருக்கா?” என்று கேட்கவில்லை. “காலையில பத்து மணிக்குப் போன் யார் கையில இருக்கும்?” என்று கேட்டோம். பல வீடுகளில் வேலைக்குப் போகும் அப்பாவின் சட்டைப்பையில்!

வகுப்பைச் சாயங்காலம் ஏழு மணிக்கு மாற்றினார்கள். அந்தத் தாய்க்கு நானே சொன்னேன்.

“ஏழு மணின்னா சரிங்க. அவரு ஆறரைக்கே வந்துடுவாரு” என்றார்.