ஷோகேஸில் இருக்கும் ரெட் ஒயின் நல்லா இருக்கா? மூக்கைக் கேளுங்கள்!

'ஒயின்ஷாப்' என்ற சொல் தெரியாதவர் தமிழ்நாட்டில் இல்லை. ஆனால், அங்கே போய் ஒயின் கேட்பவர் அபூர்வம். நிஜமான ஒயின் நம் வீடுகளுக்கு வேறு வழியில் வருகிறது. வெளிநாட்டிலிருந்து மீனம்பாக்கத்தில் வந்து இறங்கும் மகனோ, மருமகனோ கொண்டுவரும் பாட்டில் ஒன்று (சுங்க விதிப்படி ஒருவருக்கு 2 லிட்டர் வரை வரியில்லை). கிறிஸ்துமஸுக்குப் பக்கத்து வீட்டிலிருந்து கேக்கோடு வரும் சின்ன கிளாஸ் இன்னொன்று.

தாம்பரம், குரோம்பேட்டை, சேலையூர் வீடுகளில் அந்த வெளிநாட்டு பாட்டில் நேராக ஷோகேஸுக்குப் போகும். "ஒயின் பழசாகப் பழசாகத்தான் ருசி" என்று யாராவது சொல்லியிருப்பார்கள். நாலைந்து கோடை கழித்து, திருமண நாளன்று திறந்தால் புளித்த கஷாயம் போல இருக்கும். விலை உயர்ந்தது ஆயிற்றே என்று எல்லோரும் முகம் சுளிக்காமல் விழுங்குவார்கள்.

பழசு எல்லாம் பொன் அல்ல

வருடக்கணக்கில் வைத்துக் குடிப்பதற்கென்றே தயாராகும் ஒயின்கள் கொஞ்சம்தான். கடையில் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை சில வருடங்களுக்குள் குடித்துவிட வேண்டியவை. பாதுகாக்க நினைத்தாலும், வெளிச்சம் படாத இடத்தில் 12 முதல் 15 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும். நம் ஊரிலோ மே மாதத்தில் வெயில் 40 டிகிரியைத் தாண்டுகிறது. சூட்டில் ஒயின் விரிந்து கார்க்கை மேலே தள்ளும். குளிரும்போது சுருங்கி, வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். கார்க் துருத்திக்கொண்டிருந்தாலோ, பாட்டில் கழுத்தில் பிசுபிசுப்பு இருந்தாலோ திறக்கும் முன்பே சந்தேகப்படலாம்.

பார், முகர், சுவை

ஒயின் நீதிபதிகள் செய்வது மந்திரவித்தை அல்ல. கிளாஸில் மூன்றில் ஒரு பங்கு ஊற்றி, வெள்ளைக் காகிதத்தின் மேல் சாய்த்துப் பார்ப்பார்கள். இளம் ரெட் ஒயினின் ஓரம் ஊதா கலந்து தெரியும். வயதாக ஆக செங்கல் நிறத்துக்கு வரும். வயது குறைந்த ஒயின் இப்போதே பழுப்பாக இருந்தால் கோளாறு.

அடுத்து கிளாஸைச் சுழற்றி முகர வேண்டும். முக்கால் தீர்ப்பு இங்கேதான். ஜலதோஷம் பிடித்தால் ரசம் ருசிக்காது இல்லையா, அதே கதைதான். நல்ல ரெட் ஒயினில் முதலில் பழ வாசனை வரும். ஷிராஸ் வகையில் மிளகு வாசம் அடிப்பது கற்பனை அல்ல. மிளகில் இருக்கும் ரோட்டன்டோன் என்ற அதே வேதிப்பொருள் அந்தத் திராட்சையிலும் இருக்கிறது.

பிறகுதான் நாக்கு. அறுசுவை தெரிந்த நமக்கு ஒரு வசதி உண்டு. ஒயின்காரர்கள் 'டானின்' என்று சொல்வது நம் துவர்ப்புதான். நாவல்பழம் தின்றால் நாக்கை இழுத்துப் பிடிக்குமே, அது. புளிப்பு, துவர்ப்பு, இனிப்பு, ஆல்கஹாலின் எரிச்சல் இவற்றில் எதுவும் தனியாகத் துருத்தாமல் இருந்தால் நல்ல ஒயின். விழுங்கிய பிறகும் ருசி நின்றால் சிறந்த ஒயின்.

லேபிளை நம்ப வேண்டாம். கண்ணும் ஏமாற்றும். பிரான்ஸின் போர்டோவில் ஒயின் படிக்கும் 54 மாணவர்களிடம் வெள்ளை ஒயினில் சிவப்புச் சாயம் கலந்து கொடுத்தார் ஃப்ரெடெரிக் ப்ரோஷே. ரெட் ஒயினுக்கான வார்த்தைகளிலேயே அதை வர்ணித்தார்கள். 2001-ல் வெளியான ஆய்வு இது. அதனால்தான் போட்டிகளில் பாட்டிலை மறைத்துவைத்து மதிப்பெண் போடுகிறார்கள். நீங்களும் செய்தித்தாள் சுற்றிவிட்டு ருசித்துப் பாருங்கள்.

கெட்டதைக் கண்டுபிடிக்க...

* நனைந்த அட்டை வாசம்: 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு முடிச்சூர், வரதராஜபுரம் வீடுகளில் ஊறிய புத்தகங்கள் ஒரு வாசம் அடித்ததே, அதுதான். டிசிஏ என்ற வேதிப்பொருள் கார்க்கிலிருந்து இறங்கியிருக்கிறது. துளியினும் துளி போதும், பழ வாசனையை அமுக்கிவிடும்.
* வினிகர் அல்லது நெயில் பாலிஷ் நெடி: பாக்டீரியா வேலை. திருப்ப முடியாது.
* பழுப்பு நிறம், வெட்டிவைத்த ஆப்பிள் வாசம்: காற்று புகுந்துவிட்டது.
* காய்ச்சிய ஜாம் வாசம், உயிரற்ற ருசி: சூட்டில் வெந்த ஒயின். நம் ஊர் ஷோகேஸ்களின் வியாதி.
* அழுகிய முட்டை நாற்றம்: கந்தகச் சேர்மங்கள். அரை மணி நேரம் காற்றாட விட்டால் சில சமயம் போய்விடும்.

அடியில் வண்டலோ, கார்க்கில் கண்ணாடித் தூள் போன்ற படிகங்களோ இருந்தால் பயப்பட வேண்டாம். அந்தப் படிகம் டார்டாரிக் அமிலத்தின் உப்பு. நம் புளியில் இருக்கும் அதே அமிலம்தான்.

கிறிஸ்துமஸ் ஒயின்

பரங்கிமலை, பல்லாவரம் பக்கத்து ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களில் வீட்டு ஒயின் பழைய வழக்கம். திராட்சை, சர்க்கரை, ஈஸ்ட், கொஞ்சம் பட்டை, கிராம்பு. நமக்குக் கைக்கெட்டும் திராட்சை, 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சை. வாசனை தூக்கும் என்றாலும் அது அடிப்படையில் சாப்பிடும் பழம். அதில் வெளிநாட்டு ரெட் ஒயினின் துவர்ப்பைத் தேடுவது நியாயமில்லை. மேலே பூஞ்சை படர்ந்திருந்தால் கொட்டிவிடுங்கள். நுரைப்பு அடங்காத ஒயினை இறுக மூடினால் பாட்டில் வெடிக்கலாம். உரிமம் இல்லாமல் மது தயாரிப்பதும் விற்பதும் 1937-ம் வருட மதுவிலக்குச் சட்டப்படி குற்றம் என்பதையும் மறக்க வேண்டாம்.

ஒயின் கெட்டதா என்று பார்ப்பது கத்தோலிக்கக் குருக்களுக்குக் கடமையும்கூட. திருப்பலி ஒயின் திராட்சையிலிருந்து வந்த இயற்கையான ஒயினாகவும், கெட்டுப்போகாததாகவும் இருக்க வேண்டும் என்கிறது திருச்சபைச் சட்டம் 924.

கடைசியாக ஒன்று

'ரெட் ஒயின் இதயத்துக்கு நல்லது' என்று சொல்லி ஊற்றிக்கொடுப்பவர்கள் உண்டு. எந்த அளவு மதுவும் பாதுகாப்பானது அல்ல என்று உலக சுகாதார நிறுவனம் 2023-ல் தெளிவாகச் சொல்லிவிட்டது. பழக்கம் இல்லாதவர்கள் ஆரம்பிக்கத் தேவையில்லை. குடிப்பவர்கள், வந்த பாட்டிலை ஷோகேஸில் வைக்காமல் ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் படுக்க வையுங்கள். அடுத்த கோடைக்குள் திறந்துவிடுங்கள். திறந்ததை மூடி ஃபிரிட்ஜில் வைத்தால் மூன்று, நான்கு நாள் தாங்கும். மூக்கு வேண்டாம் என்று சொன்னால், கொண்டுவந்தவர் மனம் நோகுமே என்று விழுங்காதீர்கள். சிங்க்கில் ஊற்றிவிடுங்கள்.