டீசல் புகையின் சகவாசம்

லண்டன் ஆக்ஸ்ஃபோர்டு தெருவின் பெரும்பகுதியில் பேருந்துக்கும் டாக்ஸிக்கும் மட்டுமே அனுமதி இருந்த காலம். அவையும் டீசல் வண்டிகள். ஆஸ்துமாக்காரர்களை டீசல் புகை என்ன செய்கிறது என்று பார்க்க இதைவிடத் தோதான இடம் கிடையாது. லேசான, நடுத்தர ஆஸ்துமா உள்ள 60 பேர் அங்கே இரண்டு மணி நேரம் நடந்தார்கள். வேறொரு நாள் ஹைடு பூங்காவில் அதே இரண்டு மணி நேரம். முடிவு 2007-இல் வெளியானது. தெருவில் நடந்த நாளில், முதல் விநாடியில் ஊதி வெளியேற்றும் காற்றின் அளவு 6.1 சதவீதம் வரை குறைந்தது. பூங்காவிலும் குறைந்தது, ஆனால் அந்த அளவுக்கு இல்லை. சளியில் அழற்சியின் அடையாளங்கள் கூடியிருந்தன. நடுத்தர ஆஸ்துமா உள்ளவர்களுக்கே பாதிப்பு அதிகம்.

எரிச்சலூட்டுவதோடு புகையின் வேலை முடிந்துவிட்டால் விஷயம் எளிது. முடிவதில்லை. எதன்மேல் ஒவ்வாமை வர வேண்டும் என்பதிலும் அது தலையிடுகிறது. லாஸ் ஏஞ்சலிஸ் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் டயஸ்-சாஞ்செஸ், சாக்சன் குழுவினர் 1999-இல் இதை அழகாகக் காட்டினார்கள். மனித உடல் அதுவரை கண்டிராத புரதம் ஒன்று தேவைப்பட்டது. பசிபிக் கடல் நத்தை ஒன்றின் ரத்தத்திலிருந்து அது கிடைத்தது. ஒவ்வாமை சுபாவம் உள்ளவர்களின் மூக்கில் அதை மட்டும் விட்டபோது, அதற்கு எதிராக, ஒவ்வாமைக்குக் காரணமான ஐஜிஇ எதிர்ப்பொருள் உருவாகவில்லை. முன்னதாக டீசல் துகளையும் மூக்கில் ஏற்றியபோது 15 பேரில் 9 பேருக்கு உருவானது. நத்தைப் புரதம் ஒரு பாவமும் அறியாதது.

தெருவுக்குப் புதிதாக ஒருவர் தனியாக வந்தால் யாரும் கண்டுகொள்வதில்லை. ஊரறிந்த ரவுடி அலம்பல் பண்ணிவிட்டுப் போன சூட்டோடு வந்து நின்றால், இவனும் கூட்டாளிதான் என்று தெருவே முடிவுகட்டிவிடும். டீசல் துகள்தான் அந்த ரவுடி. அதன்மேல் ஒட்டியிருக்கும் கரிமச் சேர்மங்கள் சுவாசப் பாதையின் உட்சுவர் செல்களை வதைக்க, அவை கூச்சல் போடுகின்றன. கேட்டு ஓடிவரும் எதிர்ப்பாற்றல் செல்கள் அங்கே நிற்பவர் முகத்தையெல்லாம் குறித்துக்கொள்கின்றன. அந்த முகத்தின் படம்தான் ஐஜிஇ. மாஸ்ட் செல்கள் என்னும் வீடுகளின் வாசல்தோறும் அது ஒட்டப்படுகிறது. அப்புறம் அந்த ஆள் தனியாகவே வந்தாலும் கதவுகள் படாரென்று திறக்கும், ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருள் பறக்கும். மூச்சுக்குழாயில் இது நடந்தால் தெருக்காரர்கள் தங்கள் வீட்டுச் சாமானையே நடுத்தெருவில் போட்டு வழியை அடைத்துக்கொள்வார்கள்: தசை இறுகும், சுவர் வீங்கும், சளி சேரும். இதைத்தான் இழுப்பு என்கிறோம்.

மூக்கில் கண்டதை நுரையீரலுக்கு அப்படியே ஏற்றிச் சொல்லக் கூடாது. எல்லார் உடலும் ஒரே மாதிரி நடந்துகொள்வதும் இல்லை. ஜிஎஸ்டிஎம்1 என்ற மரபணு பிறவியிலேயே இல்லாதவர்களிடம், டீசல் துகளோடு மகரந்தம் சேரும்போது எதிர்வினை பெரிதாக இருந்ததாக 2004-இல் வந்த ஆய்வு சொல்கிறது.

  

புகை குறைந்தால் ஆஸ்துமாவும் குறையுமா? அட்லாண்டா கதை பாடம் சொல்லும். 1996 ஒலிம்பிக்கின்போது அங்கே போக்குவரத்து குறைந்ததால் குழந்தைகளின் ஆஸ்துமா பாதிப்பும் சரிந்தது என்ற 2001 ஆய்வு உலகமெங்கும் மேற்கோளானது. 2010-இல் வேறொரு குழு இன்னும் விரிவான தரவுகளோடு பார்த்தது. அந்த நாட்களில் ஓசோன் மாசு அட்லாண்டாவில் மட்டுமல்ல, சுற்றுவட்டாரத்திலும் குறைந்திருந்தது; போக்குவரத்து குறைந்ததுதான் காரணம் என்று சொல்ல முடியாது. அவசர சிகிச்சைக்கு வந்தவர்கள் குறைந்ததற்கு வலுவான சான்று கிடைக்கவில்லை. முதல் கதைக்குக் கிடைத்த விளம்பரம் இரண்டாவதற்குக் கிடைக்கவில்லை.

சாலையிலிருந்து தள்ளியிருப்பது உதவும் என்பதில் சந்தேகமில்லை. லாஸ் ஏஞ்சலிஸ் நெடுஞ்சாலை ஒன்றின் ஓரத்தில் அளந்தபோது, 300 மீட்டர் தள்ளிப் போனதும் மிக நுண்ணிய துகள்களின் எண்ணிக்கை சாதாரண அளவுக்கு இறங்கியிருந்தது. முகத்தில் படிந்தாற்போல் கட்டிய என்95 முகக்கவசம் துகளைத் தடுக்கும், புகையில் இருக்கும் நைட்ரஜன் டை ஆக்சைடு வாயுவைத் தடுக்காது. கைக்குட்டை நுண்துகளைக்கூடப் பெரிதாகத் தடுக்காது. இழுப்பு வரும்போது எடுக்கும் நீல இன்ஹேலர் மூச்சுக்குழாயைத் திறக்கும், அவ்வளவே. அழற்சியைத் தணிப்பது ஸ்டீராய்டு இன்ஹேலர். டாக்டர் தினமும் எடுக்கச் சொல்லியிருந்தால், மூச்சு நன்றாக இருக்கும் நாளிலும் அதை நிறுத்தக் கூடாது.